விடிய 4.45க்கு எழும்ப வேணும், அலாரம் அடிச்சும் எழும்பேலாமக் கிடக்கு

விசுவமடு_மேற்கு எழுதியது:

வேலைக்கு ஏத்துற பஸ் எங்கட சந்திக்கு விடிய 5.40க்கு வரும். அதை விட்டால் கிளிநொச்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரேலாது. 4.45க்கு எழும்பினால் குளிச்சுச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஆறுதலா வெளிக்கிடலாம். இப்ப மனிசி தட்டி எழுப்ப 5.20 ஆகுது.

விபரம் முழுக்கச் சொல்லுறன், அப்பதான் உங்களுக்கும் பதில் சொல்ல லேசு. படுக்கிறது இரவு 11.45 மட்டில. போன் தலைமாட்டில. 4.30, 4.45, 5.00 எண்டு மூண்டு அலாரம். மூண்டும் அரை நித்திரையிலேயே கையால நிப்பாட்டுப்படுது. ஞாயிறு 8 மணி வரைக்கும் நித்திரை. வேலை முடிஞ்சு வந்து இரவு 7 மணிக்கு ஒரு தேத்தண்ணி. தகரம் போட்ட வீடு, எல்லாரும் ஒரே அறை, சின்னவனுக்கு 2 வயது, மூத்தவளுக்கு 7. அதால பெரிய சத்தத்தில அலாரம் வைக்கேலாது.

விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ: எதை முதல் மாத்த வேணும்? பிள்ளையளை எழுப்பாமல் நான் மட்டும் எழும்ப என்ன வழி?

---

இரவுக்கடமை எழுதியது:

தம்பி, முதல் கணக்கைப் பாப்பம். 11.45க்குப் படுத்து 4.45க்கு எழும்பினால் 5 மணித்தியாலம். வளர்ந்த ஆளுக்குக் குறைஞ்சது 7 மணித்தியாலம் வேணும். அப்ப 4.45க்கு எழும்பிற ஆள் 9.45க்கு நித்திரையாகியிருக்க வேணும், பாயில சரியிறது 9.30க்கு. இந்தக் கணக்குச் சரிவராமல் எந்த அலாரம் வாங்கினாலும் ஒரு கிழமைக்கு மேல வேலை செய்யாது.

ஆனால் இண்டைக்கே 9.30க்குப் போய்ப் படுக்காதேங்கோ. நித்திரை வராது, 11 மணி வரைக்கும் புரண்டுபோட்டு "எனக்கு இது சரிவராது" எண்டு விட்டுடுவியள். படுக்கிற நேரத்தை நாங்கள் கட்டளை போட்டு மாத்தேலாது. எழும்பிற நேரத்தை மாத்தலாம். விடிய எழும்பிற நேரம் ஒழுங்கானால், இரவு நித்திரை தானா முன்னுக்கு வரும். ஆகையால் முதல் பிடிக்க வேண்டியது எழும்பிற நேரம்தான், அதுவும் ஏழு நாளும்.

உங்கட பெரிய பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை. மூளையில, இரண்டு கண் நரம்பும் குறுக்கால கடக்கிற இடத்துக்குச் சற்று மேல, உடம்பின்ர நேரத்தை வச்சிருக்கிற ஒரு சின்னப் பகுதி இருக்கு. அதைத் திருத்துறது கண்ணுக்குள்ள போற வெளிச்சம். ஞாயிறு 8 மணி வரை இருட்டுக்குள்ள கிடந்தால் அது பின்னுக்குத் தள்ளுப்படும். அண்டிரவு நித்திரை பிந்தும், திங்கள் விடிய 4.45 எண்டது உங்கட உடம்புக்கு நடுச்சாமம். வியாழன் மட்டில ஓரளவு சரிவரும், திரும்ப ஞாயிறு வந்து கெடுக்கும்.

இன்னொண்டையும் விளங்கிக்கொள்ளுங்கோ. வழமையா எழும்பிற நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணித்தியாலம் முன்னம் உடம்புச் சூடு ஆகக் குறையும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில படுற வெளிச்சம் உடம்பு நேரத்தை முன்னுக்கு இழுக்கும். அதுக்கு முன்னம் படுற வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். 8 மணிக்கு எழும்பிப் பழகின ஆள் திடீரெண்டு 4.45க்குப் பெரிய லைற்றைப் போட்டால் எதிர்மாறான பலன் வரலாம். அதாலதான் படிப்படியாப் போங்கோ எண்டு சொல்லுறது.

உங்களுக்கு நான் சொல்லுறது இதுதான். முதல் மூண்டு நாள் 5.15. மனிசி தட்டாமல் நீங்களா எழும்ப வேணும். அடுத்த மூண்டு நாள் 5.00. பிறகு 4.45. படுக்கையையும் அதோட சேர்த்து 11, 10.30, 10 எண்டு இறக்குங்கோ, மிச்ச அரை மணித்தியாலம் அடுத்த கிழமைக்குள்ள தானா வரும். லீவு நாளில கூடினது ஒரு மணித்தியாலம் பிந்தலாம், அதுக்கு மேல வேண்டாம்.

7 மணித் தேத்தண்ணியை 4 மணிக்கு முன்னம் கொண்டு போங்கோ. தேயிலையில இருக்கிற கபேன் பாதியாக் குறைய ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். 7 மணிக்குக் குடிச்சதில பாதி நடு இரவிலயும் உடம்புக்குள்ள நிக்குது. சில பேர் குடிச்சபிறகும் நித்திரை கொள்ளுவினம், ஆனால் அந்த நித்திரையில ஆழம் குறைவு.

மூண்டு அலாரத்தில இரண்டை அழியுங்கோ. 4.30க்கும் 5.00க்கும் இடையில கிடைக்கிறது துண்டு துண்டா வெட்டுப்பட்ட நித்திரை, அதால ஒரு பிரியோசனமும் இல்லை. அதோட, முதல் மணி அடிச்சால் எழும்பத் தேவையில்லை எண்டு உடம்பு பழகிடும். எழும்பி முதல் 15 முதல் 30 நிமிசம் தலை மந்தமா இருக்கிறது எல்லாருக்கும் உள்ளது. "எனக்கு இன்னும் நித்திரை காணாது" எண்ட முடிவை அந்த அரை மணித்தியாலத்துக்குள்ள எடுக்காதேங்கோ.

---

மணிக்கூட்டுக்கடை_மாங்குளம் எழுதியது:

இரவுக்கடமை அக்கா சொன்னதோட அலாரத்தின்ர பக்கத்தைச் சேர்க்கிறன்.

தலைமாட்டில போன் இருக்கும் வரைக்கும் கை தானாப் போய் நிப்பாட்டும். பாயை விட்டு எழும்பி நாலு அடி நடந்தால்தான் எட்டிற இடத்தில மணி இருக்க வேணும். அந்த இடம் லைற் சுவிச்சுக்குப் பக்கத்தில இருந்தால் இன்னும் நல்லம், ஒரு கை மணியை நிப்பாட்ட மற்றக் கை சுவிச்சைப் போடும். நுளம்பு வலைக்குள்ள படுக்கிறவைக்கு இதில ஒரு வசதி இருக்கு. வலையை நாலு பக்கமும் பாய்க்குக் கீழ செருகிப்போட்டுப் படுத்தால், வெளியில வர அதை இழுத்து எடுக்க வேணும். அதுக்குள்ள பாதி முழிப்பு வந்திடும்.

சத்தம் கூட இருக்கத் தேவையில்லை. ஒரு சின்னச் சத்தம் 5 செக்கனில நிண்டால் பிள்ளையள் புரண்டுபோட்டுப் படுப்பினம். பெரிசா அடிச்சு நீங்கள் தேடிக்கொண்டு நிக்கிறதுதான் அவையளை எழுப்புறது. அன்ட்ரொயிட் போன் எண்டால் அலாரத்தின்ர சத்தம் கோல் வாற சத்தத்தில இருந்து வேற, அதைக் கூட்டிக் குறைக்கத் தனியா ஒரு கோடு இருக்கும், அதை அரைவாசியில வையுங்கோ. தொந்தரவு செய்யாதே எண்ட நிலையில போட்டுவிட்டுப் படுக்கிறவை, அதுக்குள்ள அலாரத்துக்கு விலக்கு இருக்கோ எண்டு பாருங்கோ. வெளியில இருந்து இறக்கின அலாரச் செயலியளை பற்றரி மிச்சம் பிடிக்கிற அமைப்பு இரவில மூடிவிடலாம், அதால போனோட வந்த மணிக்கூட்டையே பாவியுங்கோ. சார்ஜ் முடிஞ்சு போன் செத்தால் பெரும்பாலான போனில அலாரம் அடிக்காது. கரண்ட் நிக்கிற இரவுகளில இதுதான் நடக்கிறது, பிளக்கில குத்தியிருக்கு எண்ட நம்பிக்கையில படுத்தால் சார்ஜ் ஏறியிருக்காது.

சத்தமே வேண்டாம் எண்டால் கையில கட்டிற அதிர்வுப் பட்டி நல்லது. எலும்புக்கு மேல இல்லாமல், மணிக்கட்டில இருந்து இரண்டு விரல் தள்ளி, இறுக்கமாக் கட்ட வேணும். தளர்ந்தால் அதிர்வு தோலுக்கு வராது. ஆனால் கையில கிடக்கிறதை நிப்பாட்டிறதும் லேசு. அதால பட்டியை 4.45க்கும், தூர இருக்கிற மணியை 4.47க்கும் வையுங்கோ. பட்டி அடிச்சவுடன் எழும்பிப் போய் மணியை அடிக்க முன்னம் நிப்பாட்டினால் வீட்டில ஒருதருக்கும் சத்தம் கேக்காது.

மேசை மணிக்கூடு வாங்கிறவை இதைக் கவனியுங்கோ. முள்ளு வச்ச மணிக்கூட்டுக்கு விடியலும் பின்னேரமும் தெரியாது, 12 மணித்தியால முகம். 4.45க்கு வச்சுப்போட்டு மத்தியானம் சுவிச்சைப் போட்டால் பின்னேரம் 4.45க்கு அடிக்கும். இராச்சாப்பாடு முடிஞ்ச பிறகுதான் சுவிச்சை ஏத்த வேணும். அலாரமுள்ளைப் பின்னுக்கு இருக்கிற அம்புக்குறிப் பக்கம் மட்டும் திருப்புங்கோ, மற்றப் பக்கம் வலிஞ்சு திருப்பினால் உள்ள இருக்கிற பிளாஸ்ரிக் பல்லு தேயும். மலிவு மணிக்கூட்டில அலாரம் 5, 10 நிமிசம் முந்தியோ பிந்தியோதான் அடிக்கும். வாங்கின அண்டைக்கே அலாரமுள்ளை 4.45இல வச்சு, நேரமுள்ளை 4.20இல இருந்து மெல்லமா முன்னுக்குத் திருப்பிக்கொண்டு வந்து, எத்தினை மணிக்கு அடிக்குது எண்டு பாருங்கோ. 4.53க்கு அடிச்சால் அலாரமுள்ளை 8 நிமிசம் முந்தி, 4.37இல வச்சால் சரி. செக்கன் முள்ளு ஒரே இடத்தில நிண்டு துடிச்சால் பற்றரி இறங்கிற்று. அந்த நிலையில நேரமும் பிந்தும், மணியும் மெல்லமா அடிக்கும்.

பல்ப் தானா எரிய ரைமர் பிளக் போடுற யோசனை சில பேருக்கு வரும். சுத்திவர 96 பல்லு, ஒரு பல்லு 15 நிமிசம். நல்ல சாமான்தான், ஆனால் கரண்ட் நிண்ட நேரம் முழுக்க அதுவும் நிக்கும். இரவு ஒரு மணித்தியாலம் கரண்ட் இல்லாட்டி விடிய ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் எரியும். எங்கட பக்கத்துக்கு அதைத் தனிய நம்பேலாது.

---

முத்தையன்கட்டு_கமம் எழுதியது:

படிப்படியா எண்டது கொம்பனி வேலைக்குச் சரி. வாய்க்கால்ல தண்ணி முறை நாளைக்கு விடிய 3 மணிக்கு எண்டு சொன்னால் படிப்படியாப் போக ஏலாது. அப்பிடியான நாளுக்கு முதல் நாள் மத்தியானம் 1 மணிக்கும் 2.30க்கும் இடையில ஒரு நித்திரை எடுத்துக்கொள்ளுங்கோ. 3 மணிக்குப் பிறகு படுத்தால் இரவு நித்திரை போகும். இரவு எந்த நேரத்துக்கு நித்திரை வருதோ அப்ப படுங்கோ, எழும்பி வேலை முடிஞ்சு வந்து திரும்ப நெடுகப் படுக்காமல் பகல் முழுக்க இழுத்துக்கொண்டு போய் இரவு வெள்ளெனப் படுத்தால் அடுத்த நாள் பழைய நேரத்துக்கு வந்திடலாம்.

யானைக்கும் பண்டிக்கும் காவல் இருக்கிற காலத்தில ரெண்டு பேராப் பிரிச்சு, ஒராள் 8 இல இருந்து 1 வரை, மற்றவர் 1 இல இருந்து விடியும் வரை எண்டு வைப்பம். அதில பிழை எங்க நடக்குதெண்டால், நாளுக்கு நாள் ஆளை மாத்திறது. மாத்தாதேங்கோ. போகம் முடியும் வரைக்கும் ஒராளுக்கு ஒரே பாதி. அப்பதான் ஒவ்வொருதருக்கும் தொடர்ந்து நாலு மணித்தியாலமாவது ஒரே நேரத்தில நித்திரை கிடைக்கும், உடம்பு அதைப் பிடிச்சுக்கொள்ளும்.

விசுவமடுத் தம்பி தகர வீடு எண்டு சொன்னதால இதையும் சொல்ல வேணும். சித்திரை, வைகாசியில 9.30க்குப் படுத்தாலும் வெக்கையில நித்திரை வராது. தகரம் வெயில் போனவுடன கெதியாக் குளிரும். சூட்டை இரவு 11 மட்டும் வச்சிருக்கிறது சீமெந்துக் கல்லுச் சுவர். மேற்குப் பார்த்த சுவர்ப் பக்கம் பாய் போடாதேங்கோ. 6 மணி கழிஞ்சவுடன எதிர் எதிர் ஜன்னல் ரெண்டையும் திறந்து, பானை வெளிக்காத்து உள்ள வாற பக்கம் வையுங்கோ, மூடின அறைக்குள்ள பான் சுத்தினால் சூட்டுக்காத்துத்தான் சுத்தும். தகரத்துக்குக் கீழ கிடுகை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால் பகல் சூடு நல்லாக் குறையும், நெருப்பு விசயத்தில மட்டும் கவனம், குசினிப் பக்கம் வேண்டாம். படுக்க ஒரு மணித்தியாலம் முன்னம் கிணத்தடியில ஒரு குளிப்பு. அதுக்குப் பிறகு உடம்பு ஆறும்போது நித்திரை தானா வரும்.

வெளிச்சத்தைப் பற்றி அக்கா சொன்னா. எங்கட பக்கத்தில சூரியன் வைகாசியில 5.50 மட்டில, தை கடைசி, மாசியில 6.30 மட்டில எழும்பும். அதால 4.45க்கு எந்த மாதத்திலயும் இருட்டுத்தான். வீட்டு பல்ப்பால முழிக்கத்தான் ஏலும், உடம்பு நேரத்தைத் திருத்த வெளி வெளிச்சம் வேணும். பஸ்ஸுக்கு நிக்கேக்க கிழக்குப் பக்கம் பாத்து நில்லுங்கோ, பஸ்ஸில கிழக்குப் பக்கச் ஜன்னலில இருங்கோ. மழைமூட்டமெண்டாலும் வெளியில அறைக்குள்ள இருக்கிற வெளிச்சத்தை விடப் பல மடங்கு இருக்கும்.

---

விசுவமடு_மேற்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன 5.15இல இருந்து தொடங்கிறன். இரண்டு விசயம் மிச்சம். பிள்ளையள் இரண்டும் 10.30 வரைக்கும் முழிச்சிருக்குதுகள், ஒரே அறை, அப்ப நான் எப்பிடி 9.30க்குப் படுக்கிறது? மற்றது, பஸ்ஸில போகேக்கயும் வரேக்கயும் நித்திரை கொள்ளுறன், அது பிழையோ?

---

ரீச்சர்_மல்லாவி எழுதியது:

பிள்ளைகளை உங்களுக்கு முன்னம் படுக்க வைக்க வேண்டும், அவர்களுக்கும் அது தேவை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையோடு சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குகிறது. 6 மணிக்கு எழுப்ப வேண்டுமென்றால் மூத்தவள் 9 மணிக்குள் நித்திரையாகியிருக்க வேண்டும். 10.30க்குப் படுத்துவிட்டு முதலாம் பாடத்தில் மேசையில் தலை வைக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, அது பிள்ளையின் பிழையும் இல்லை.

சின்னவன் பின்னேரம் 4, 5 மணிக்கு நித்திரை கொள்கிறானா என்று பாருங்கள். அதுதான் பெரும்பாலும் காரணம். பகல் நித்திரையை 1 மணிக்குக் கொண்டுவந்து 3 மணிக்குள் எழுப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பின்னேரம் அழுவான், 8 மணிக்குத் தூங்கி விழுவான்.

இரவு 7.30க்குச் சாப்பாடு. 8.15க்கு ரிவியும் போனும் நிற்க வேண்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். அறைக்குள் பெரிய பல்ப்பை அணைத்துவிட்டுக் குசினி வெளிச்சம் மட்டும் வர விடுங்கள். முகம் கழுவி, பாய் விரித்து, வலை கட்டி, ஒரு கதை. ஒவ்வொரு நாளும் இதே வரிசை. வரிசை மாறாமல் இருந்தால் பாய் விரிக்கும்போதே பிள்ளைக்குக் கொட்டாவி வரும்.

பெரிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயதில் உடம்பின் நேரமே பின்னுக்குப் போகிறது, அவர்களுக்கு இரவு 11க்கு முன்னம் நித்திரை வராமல் இருப்பது சோம்பல் அல்ல. தேவையோ 8 முதல் 10 மணித்தியாலம். ஓ.எல்., ஏ.எல். சோதனை எடுக்கிற பிள்ளையை 4 மணிக்கு எழுப்பிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு இரவு 10 மணி வரை ரியூசனுக்கும் விட்டால் படித்தது மனதில் நிற்காது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது நித்திரையில்தான். விடியப் படிப்பா இரவுப் படிப்பா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

---

இரவுக்கடமை எழுதியது:

தம்பி, விடிய போற பஸ்ஸில 20 நிமிசம் கண்ணை மூடுறது பரவாயில்லை. ஆனால் வெளிச்சம் வந்தபிறகு முழிச்சிருந்தால் நல்லம், கமக்கார அண்ணை சொன்ன காரணத்துக்காக. பின்னேரம் திரும்பி வாற பஸ்ஸில நித்திரை கொள்ளுறதை நிப்பாட்டுங்கோ. நாள் முழுக்க முழிச்சிருந்து சேர்ந்த நித்திரைக்களை இரவுக்கு வேணும். 5.30க்கு முக்கால் மணித்தியாலம் படுத்தால் அதில ஒரு பங்கு அங்கேயே கழிஞ்சுபோகும், 11.45க்குத்தான் நித்திரை வரும். சீற் கிடைச்சாலும் முதல் ரெண்டு கிழமைக்கு நிண்டுகொண்டு வாங்கோ.

இதெல்லாம் மூண்டு கிழமை ஒழுங்காச் செய்தும், 7 மணித்தியாலம் நித்திரை கொண்டும் எழும்பேலாமக் கிடந்தால் உடம்பைப் பாக்க வேணும். சளிக்கும் கடிக்கும் எடுக்கிற குளோர்பெனிரமின் குளிசை இரவில போட்டால் அடுத்த நாள் காலமையும் மந்தம் இருக்கும். இரவில ரெண்டு மூண்டு தரம் சலத்துக்கு எழும்பிறவை சீனியைச் சோதிக்க வேணும். களைப்பும் வெளிறலும் எண்டால் இரத்தம் குறைவோ எண்டு பாக்க வேணும், பெண்களில இது கூட. உரத்த குறட்டை, இடையில மூச்சு நிண்டு திணறி எடுக்கிறது, காலமைத் தலையிடி, மோட்டச்சைக்கிளில போகேக்க கண் சொருகிறது: இதுகள் இருந்தாலும் கிளினிக்கில காட்ட வேணும், கடைசி ஒண்டு இருந்தால் நாள் கடத்த வேண்டாம். பக்கத்தில படுக்கிற ஆள்தான் குறட்டையைச் சொல்ல ஏலும், அதால கிளினிக்குக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

எங்கட சனத்துக்கு இதையும் சொல்ல வேணும். இரவில திடுக்கிட்டு எழும்பிறது, பழைய சம்பவங்கள் கனவில வாறது, படுக்கப் பயமா இருக்கிறது, இல்லாட்டி ரெண்டு கிழமைக்கு மேலாக ஒண்டிலயும் மனம் இல்லாமல் பாயை விட்டு எழும்பப் பிடிக்காமல் கிடக்கிறது, இதுகள் அலாரத்தால தீராது. மாவட்ட ஆஸ்பத்திரியளில மனநலப் பிரிவு இருக்கு. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கும் எந்த நேரமும் எடுக்கலாம். வருசக்கணக்காப் பொறுத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் இருக்கினம், பொறுக்கத் தேவையில்லை, வைத்தியம் இருக்கு.

---

விசுவமடு_மேற்கு எழுதியது:

பின்னேர பஸ் நித்திரை இவ்வளவு கெடுக்கும் எண்டு தெரியாது. கடைசியா ஒண்டு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பமாப் போய் விடிய விடிய நிப்பம். அதுக்குப் பிறகு ஒரு கிழமை எல்லாம் குழம்பும். அதுக்கு என்ன செய்யலாம்?

---

இரவுக்கடமை எழுதியது:

பொங்கல் திங்கள் இரவு. அண்டு மத்தியானம் எல்லாரும் ஒண்டரை மணித்தியாலம் படுங்கோ. செவ்வாய் லீவு போட்டுவிடுங்கோ, வீட்ட வந்தவுடன கூடினது 3 மணித்தியாலம் நித்திரை, 11 மணிக்கு முன்னம் அலாரம் வச்சு எழும்புங்கோ. எழும்பி வெளியில வெளிச்சத்தில திரியுங்கோ. பின்னேரம் படுக்கவும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். இரவு 8.30க்கு நித்திரை வந்தால் வரட்டும், தடுக்காதேங்கோ. புதன் 4.45க்கு மணி அடிக்கும், எழும்பலாம். கோயிலால திரும்பி வரேக்க மட்டும் மோட்டச்சைக்கிளை எடுக்காமல் பஸ்ஸில வாங்கோ.